மூக்கு நிமிர்ந்த பலகையும் குல்மார்க் பனியும்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் என் அண்ணனின் பேரன் பிரான்சிலிருந்து வந்திறங்கினான். மீனம்பாக்கத்திலிருந்து இரும்புலியூருக்கு அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் அவன் கொண்டுவந்த பை முன் சீட்டில் தொடங்கிப் பின் கண்ணாடிவரை நீண்டதால், டாக்சிக்காரர் வழி நெடுகத் தலையைச் சாய்த்தபடியே ஓட்டி வந்தாராம். மாடிப்படியில் பை திரும்பவில்லை. இரண்டு பேர் பிடித்துச் செங்குத்தாக நிறுத்தி மேலே ஏற்றினோம். எதிர்வீட்டுக்காரர் கேட்டே விட்டார்: "என்ன சார், கோவளத்துல அலை மேல நின்னு விளையாடறாங்களே, அந்தப் பலகையா?"

அதுவல்ல. உள்ளே இருந்தவை பனிச்சறுக்குப் பலகைகள், இரண்டு ஜோடி. பையன் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் ஒரு வாரம் சறுக்கப் போகிறான். ஸ்ரீநகர் விமானத்தில் அனுமதிக்கும் எடைக்கு ஒரு ஜோடிதான் போகும் என்பது இங்கே வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கூடத்தில் நான்கு பலகைகளையும் விரித்துப்போட்டுவிட்டு, "சின்னத் தாத்தா, எதை எடுத்துட்டுப் போகட்டும்?" என்றான்.

பனியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டுமே பார்த்த, கோப்பு எழுதியே ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது? அவன் வேடிக்கையாகத்தான் கேட்டான். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. காரணம், அவனுடைய தாத்தாவின் கால்.

என் அண்ணன் புதுச்சேரி வழக்கில் சொன்னால் 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தபோது, ஏற்கெனவே படையில் இருந்த அவர் அங்கேயே தங்கிவிட்டார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த படிப்போடு சென்னைக்கு வந்து தமிழ்க் கோப்புகளில் மூழ்கினேன். ஆல்ப்ஸ் மலையடிவார முகாம் ஒன்றிலிருந்து அவர் எழுதிய நீலநிற விமானக் கடிதம் ஒன்றில், "என்னைவிட இரண்டு சாண் நீளமான பலகைகளைக் காலில் கட்டி மலை மேலிருந்து தள்ளிவிடுகிறார்கள்" என்றிருந்தது. அடுத்த குளிர்காலக் கடிதம் மருத்துவமனையிலிருந்து வந்தது. பலகை ஒரு பக்கம் திரும்ப, கால் மறுபக்கம் நிற்க, கட்டு அவிழாமல் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கடைசிவரை அவருக்கு அந்த நடைச் சாய்வு போகவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பலகையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். பிரெஞ்சு தெரிந்ததால் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபங்களில் இதுவும் ஒன்று.

கூடத்தில் கிடந்த இரண்டு ஜோடிகளையும் முதலில் பார்த்துவிடுவோம். ஒன்று, காலடியில் 112 மில்லிமீட்டர் அகலம், 188 சென்டிமீட்டர் நீளம். தரையில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது. மூக்கும் வாலும் வெகு தூரத்திலிருந்தே மேலே எழும்பி நிற்கின்றன. ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை தொட்டில்போல ஆடுகிறது. மற்றொன்று 98 மில்லிமீட்டர் அகலம், 180 நீளம். அதன் மூக்கு மட்டும் நன்றாக நிமிர்ந்திருக்கிறது. வாலில் லேசான தூக்கல். காலடிப் பகுதி தரையைத் தொடாமல் ஒரு காகிதக் கற்றை நுழையும் அளவுக்கு வில்போல உயர்ந்திருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் 'ராக்கர்' என்றும், வில்லுக்குக் 'கேம்பர்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் சறுக்குப் பலகை என்றாலே வில்தான். தொட்டில் வந்து கால் நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை.

வில் எதற்கு? நம் ஊர் வில்வண்டியில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பட்டைவில்லின் மேல் பாரம் ஏறும்போது அது நிமிர்ந்து, பாரத்தை இரு முனைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. பலகையும் அப்படித்தான். வளைவில்லாத மெல்லிய பலகையில் ஆள் நின்றால் நடுப்பகுதி குழிந்து பனியில் புதையும், முனைகள் சும்மா கிடக்கும். இதற்காக மரத்தைத் தடிமனாக வைத்தால் எடை கூடும். நார்வேயின் தெலமார்க் மாவட்டத்துக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பலகையை மெல்லியதாகச் செதுக்கி, நடுவை வில்லாக உயர்த்தி, இடுப்பையும் கொஞ்சம் ஒடுக்கிக் காட்டினார்கள். அந்த ஊரின் ஏழைக் குடியானவர் சோண்ட்ரே நூர்ஹைம் 1868-இல் தலைநகர் கிறிஸ்தியானியாவுக்கு, இன்றைய ஓஸ்லோவுக்கு, வந்து போட்டியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். இடுப்பு ஒடுங்கிய பலகையைச் சாய்த்தால் அதன் விளிம்பு ஒரு வட்டத்தின் துண்டாகிவிடும். பலகை தானே திரும்பும். இன்றுவரை சறுக்குப் பலகையின் அடிப்படைக் கணக்கு இந்த இரண்டும்தான்: வில்லும் இடுப்பும்.

பிரான்சுக்கு இது வந்தது பொருட்காட்சி வழியாக. 1878 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வடநாட்டார் கூடத்தில் ஒரு ஜோடியைக் கண்ட கிரெனோபிள் நகரத்து மலையேறி ஆன்றி துயமேல், அதை வாங்கிக்கொண்டு போய் அதே ஆண்டு ஷாம்ரூஸ் சரிவில் இறங்கிப் பார்த்தார். காலில் எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர யாருமில்லை. மனிதர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. (அதே ஷாம்ரூஸில்தான் 90 ஆண்டு கழித்து, 1968-இல், கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கின் சறுக்குப் போட்டிகள் நடந்தன.) அதே வட்டாரத்தின் வுவாரோன் ஊரில் நெசவாலைகளுக்கு மரச்சாமான் செய்துகொண்டிருந்த ஆபெல் ரொசிஞோல் 1907-இல் முதல் ஜோடி பலகையைச் செதுக்கினார். நாடா செய்கிற தச்சுப் பட்டறையிலிருந்து உலகப் பெயர்பெற்ற சறுக்குப் பலகை பிறந்தது என்பதைப் படித்தபோது, ஆலைச் சங்குக்கு எழுந்து வளர்ந்த புதுச்சேரிக்காரனான எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தக் காலத்தில் பலகை தேர்ந்தெடுக்கும் விதி மிக எளிது. நேராக நின்று கையை உயர்த்து. பலகையின் நுனி உள்ளங்கையைத் தொட்டால் அதுதான் உன் அளவு. ஐந்தேகால் அடி ஆளுக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளும். ஆளின் திறமை, பனியின் தன்மை எதுவும் கணக்கில் இல்லை. அண்ணனுக்கு வாய்த்த பலகையும் இந்த விதிப்படி வந்ததுதான். விழும்போது காலை விடுவிக்கும் கட்டை நெவேர் நகரத்து ழான் பேல் 1950-லேயே செய்துவிட்டார். ஆனாலும் நடப்பதற்கும் ஏறுவதற்கும் தோதாக இருந்த பழைய கம்பிக்கட்டுகள் பட்டாளங்களில் வெகுகாலம் நீடித்தன. நீளமான நெம்புகோல், அவிழாத கட்டு. எலும்பு என்ன செய்யும்?

மரம் போய் உலோகம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அமெரிக்கர் ஹோவர்ட் ஹெட், விமானம் கட்டும் முறையிலேயே அலுமினியத் தகட்டையும் மரத்தையும் ஒட்டி 1950 வாக்கில் பலகை விற்கத் தொடங்கினார். 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே உலோகப் பலகையில் தங்கம் வாங்கினார். மரத்தின் காலம் அத்தோடு முடிந்தது. பிறகு கண்ணாடியிழை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பை இன்னும் ஆழமாக ஒடுக்கியபோது பலகைகள் சட்டென்று குட்டையாயின. உள்ளங்கை விதி காலாவதியாகி, அளவு மோவாய்க்கும் நெற்றிக்கும் நடுவே இறங்கியது.

இவ்வளவும் கெட்டிப்பனிக்கான முன்னேற்றம். இரவெல்லாம் இயந்திரம் ஓட்டி மொசைக் தரைபோல அமுக்கிவைத்த பாதையில் விளிம்பு கடிக்க வேண்டும், அதற்கு வில் வேண்டும். ஆனால் மலையில் எப்போதும் மொசைக் தரையா இருக்கிறது? ராத்திரி பெய்து காலையில் கிடக்கும் புதுப்பனி கோலமாவு மாதிரி. பிரெஞ்சில் 'பூத்ரூஸ்' என்பார்கள், அதாவது மாவுப்பனி. நம் தமிழில் விடியற்கால மூடுபனிக்கும், புல்நுனித் துளிக்கும், இமயமலையில் பத்தடி குவிவதற்கும் 'பனி' என்கிற ஒரே சொல்தான். நாம் அதோடு குடித்தனம் பண்ணாததால் வந்த சிக்கனம்.

மாவில் வில்பலகை என்ன செய்யும்? பாரம் ஏறியதும் வில் நிமிர்ந்து முனைகளைக் கீழே அழுத்தும். கெட்டித்தரையில் எந்தக் குணம் கைகொடுத்ததோ, அதே குணத்தால் இங்கே மூக்கு புதைந்து, ஆள் தலைகுப்புற விழுவான். அதனால் பழைய ஆட்கள் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, தொடை எரிய எரிய மூக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆளின் எடை 70 கிலோ என்போம். வெறும் காலணியில் நின்றால் இரண்டு பாதமும் சேர்ந்து ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 கிராம். இடுப்பளவு புதைவான். 180 நீளமும் சராசரி 7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பழைய ஜோடி 2520 சதுர சென்டிமீட்டர். பாரம் 28 கிராமாகக் குறைகிறது. அகலத்தை 11 ஆக்கினால் பரப்பு 3960, பாரம் 18 கிராம்கூட இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனாலும் 1980-களின் இறுதியில் ஆஸ்திரிய அட்டாமிக் நிறுவனத்தின் ரூப்பர்ட் ஹூபர், பனிக்காக வந்த ஒற்றை அகலப்பலகையை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்த பிறகுதான் தடித்த பலகை சந்தைக்கு வந்தது. ஊர் சிரித்தது. வயதானவர்களுக்கும் சறுக்கத் தெரியாதவர்களுக்கும் ஊன்றுகோல் என்றார்கள்.

அகலம் வந்தது, வில் போகவில்லை. அதைப் போக்கியவர் அமெரிக்கரான ஷேன் மெக்காங்கி. செங்குத்து மலைகளில் குதிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர். அவருடைய வாதம் இதுதான்: மாவுப்பனி தரையல்ல, தண்ணீருக்குச் சொந்தக்காரன். தண்ணீரில் போகிற எதற்கும் நாம் வில் வைப்பதில்லையே? படகின் அடி நடுவில் தாழ்ந்து இரு முனையும் தூக்கியல்லவா இருக்கிறது? ராக்கர் என்ற சொல்லே படகு கட்டுபவர்களின் சொல். அவர்களிடமிருந்து அலைச்சறுக்குப் பலகைக்குப் போய், அங்கிருந்து பனிக்கு ஏறியது. 1996-இல் ஆர்ஜென்டீனாவின் லாஸ் லேன்யாஸ் மலையூரில் பீர் அருந்திக்கொண்டிருந்தபோது கைதுடைக்கும் காகிதத்தில் அவர் அந்த வடிவத்தை வரைந்தார். யாரும் செய்து தரவில்லை. பிறகு தண்ணீர்ச் சறுக்குக்கான பலகையிலேயே காலணிக் கட்டைப் பொருத்தி அலாஸ்காவின் சரிவில் இறங்கிக் காட்டினார். 2002 வாக்கில் வோலான்ட் நிறுவனம் அவருடைய பலகையை வெளியிட்டது. காலடியில் 125 மில்லிமீட்டர். இடுப்பு ஒடுங்குவதற்குப் பதிலாக அங்கேதான் அகலம் அதிகம். வில்லும் தலைகீழ், இடுப்பும் தலைகீழ்.

பெயர் 'ஸ்பாட்டுலா'. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது தோசைத்திருப்பி, பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு வேறொன்றும் தோன்றியது. பிரெஞ்சில் சறுக்குப் பலகையின் நிமிர்ந்த மூக்குக்கு எப்போதிலிருந்தோ 'ஸ்பாத்துல்' என்றுதான் பெயர். பலகை முழுவதையும் மூக்காக்கிவிட்டு அதற்கு மூக்கென்றே பெயர் வைத்ததுபோல அமைந்துவிட்டது. மெக்காங்கி 2009 மார்ச்சில் இத்தாலிய மலையில், பலகையோடு பாறையிலிருந்து குதித்துப் பாராசூட் விரிக்கும் முயற்சியில் இறந்துபோனார். அதற்குள் பெரிய நிறுவனங்களெல்லாம் அவர் வழிக்கு வந்துவிட்டிருந்தன.

படகு என்றதும் சோழமண்டலக் கரைக்காரனுக்குச் சும்மா இருக்க முடியுமா? புதுச்சேரிக் கடற்கரையில் சிறுவயதில் நான் பார்த்து நின்றது கட்டுமரம் அலையைத் தாண்டுவதைத்தான். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. ஆனால் அணியம் என்று மீனவர்கள் சொல்லும் முன்பகுதி மட்டும் மேலே வளைந்து கூராக எழும்பியிருக்கும். அலை நுரைத்து எதிரே வரும்போது அந்த மூக்கு குத்தாமல் ஏறும். ஏறியதும் மரம் முழுவதும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போகும். 1697-இல் அச்சான தன் பயணநூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். மெக்காங்கி கட்டுமரத்தைப் பார்த்தா செய்தார் என்று சண்டைக்கு வராதீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. மென்மையான ஒன்றின்மேல் போக வேண்டியவன் எங்கிருந்தாலும் மூக்கைத்தான் முதலில் நிமிர்த்துகிறான். நம் கரையில் அது என்றைக்கோ தெரிந்த சங்கதி.

இனி குல்மார்க். அங்கே ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் 1927-இல் இந்தியச் சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கூடுவார்கள். மேலே போக வழியேதும் இல்லை, நடந்துதான் ஏற வேண்டும். விடுதலைக்குப் பிறகு 1948 டிசம்பரில் நம் ராணுவத்தின் 19-ஆவது காலாட்படைப் பிரிவு அங்கே ஒரு சறுக்குப் பள்ளி தொடங்கியது. அதுதான் 1962-இல் உயர்மலைப் போர்ப் பள்ளி என்று பெயர் மாறியது. 1960-இல் மைய அரசு ஆஸ்திரியரான ரூடால்ஃப் மாட்டை அழைத்து, குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடம் எது என்று பார்க்கச் சொல்ல, அவர் குல்மார்க்கையே காட்டினார். 1968-இல் சறுக்கும் மலையேற்றமும் சொல்லித்தரும் அரசு நிறுவனம் அங்கே வந்தது.

உண்மையில் குல்மார்க்கை மாற்றியது பழனியில் நாம் ஏறும் ரோப் காரின் பெரியண்ணன். கட்டியது கிரெனோபிள் வட்டாரத்தின் பொமகால்ஸ்கி நிறுவனம், துயமேல் சறுக்கி விழுந்த அதே மலைக்காரர்கள். 1980-களின் கடைசியில் தொடங்கிய வேலை 1990-இல் காஷ்மீரக் கலவரத்தால் நின்றுபோய், 1998-இல் முதல் கட்டம் திறந்தது. அது சுமார் 2650 மீட்டரிலிருந்து கொங்தூரிவரை. 2005-இல் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் சுமார் 3980 மீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, உட்கார்ந்தபடியே 1300 மீட்டர் உயரம். தேதிகளைக் கவனியுங்கள். தலைகீழ்வில் பலகை கடைக்கு வந்து மூன்றே வருடத்தில் கம்பிவடமும் உச்சிக்குப் போய்விட்டது. பனியை அமுக்கிப் பாதை போடும் இயந்திரங்கள் குறைவு, கூட்டமும் குறைவு, மாவுப்பனி மட்டும் ஏராளம். உலகெங்கும் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு மாவைத் தேடி அலைந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று அதே அபர்வத் மலையின் கிலன்மார்க் சரிவில் பயிற்சியில் இருந்த உயர்மலைப் போர்ப் பள்ளி வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், பலகையில் குறையில்லாதவர்கள். 2016-இல் சியாச்சினில் பனிக்குள் புதைந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் அதில் இருந்தார்கள். அகலமான பலகை செய்கிற ஒரு கெடுதல் என்னவென்றால், முன்பு வல்லவர்கள் மட்டுமே இறங்கிய சரிவுகளில் அது சுமாரானவர்களையும் சுலபமாக இறக்கிவிடுகிறது. பலகை மிதக்கும். மலை பெயர்ந்து வந்தால் எந்தப் பலகையும் மிதக்காது. பையனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். தேடுகருவியும் மண்வெட்டியும் நீளக் கம்பியும் பையில் இருப்பதைத் திறந்து காட்டினான். அதன் பிறகுதான் பலகைப் பேச்சுக்கு வந்தோம்.

அவனுக்கு ஆசை 112-இன் மேல்தான். புதியது, விலையும் அதிகம். "குல்மார்க்னாலே பூத்ரூஸ்தான், சின்னத் தாத்தா" என்றான்.

நான் குமாஸ்தா புத்திப்படி கேள்வி கேட்டேன். ஏழு நாளில் எத்தனை நாள் புதுப்பனி விழும்? "ஒரு நாள், ரெண்டு நாள். அதிர்ஷ்டம் இருந்தா மூணு." விழுந்த பனியில் எத்தனை நேரத்தில் மற்றவர்கள் கோடு போட்டுவிடுவார்கள்? "முதல் கட்டத்துக்குக் கீழே காட்டுக்குள்ள மத்தியானத்துக்குள்ள." மற்ற நேரமெல்லாம் எதில் சறுக்குவாய்? பதில் உடனே வரவில்லை.

ரோப் கார் உள்ள ஊரில் சறுக்குவதற்கும் ஆளில்லா மலையில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விடுதி ஊரில் காலையில் மாவு, பகலில் உழுத வயல், மாலையில் உறைந்த மொசைக். ஒரே நாளில் மூன்று நிலமும். தொட்டில் பலகை முதல் நிலத்துக்குச் செய்தது. கெட்டிப்பனியில் அதன் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும், 188 என்று வாங்கினாலும் கடிக்கிற விளிம்பு அதைவிட வெகு குறைவு. அதற்காகத்தான் தூக்கல் அதிகமுள்ள பலகையை ஒருபிடி நீளமாகவே வாங்கச் சொல்கிறார்கள். அகலத்துக்கும் ஒரு விலை உண்டு. பலகையைச் சாய்த்து விளிம்பில் நிற்கும்போது, பாதத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 112-இல் 56 மில்லிமீட்டர், பழைய 68-இல் 34 மட்டுமே. அவ்வளவு நீள நெம்புகோலை உறைந்த தரையில் நாள் முழுதும் தாங்குவது முழங்கால்தான். எனக்கு அண்ணனின் கால் கண்முன் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

98-ஐப் பாருங்கள். மூக்கு நிமிர்ந்திருப்பதால் மாவில் குத்தாது. காலடியில் வில் இருப்பதால் கெட்டியில் கடிக்கும். மெக்காங்கியின் தோசைத்திருப்பியும் தெலமார்க்காரரின் வில்லும் சம்பந்தம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை. இன்று கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கலப்புச் சாதிதான். முழுத் தொட்டில்கள் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்துவிட்டு, தமக்குரிய மூலைக்குப் போய்விட்டன. 95-இலிருந்து 105-க்குள் அகலம், மூக்கில் தூக்கல், நடுவில் வில், நெற்றியளவோ சற்று கூடவோ நீளம். விடுதி ஊருக்கு ஒரே ஒரு ஜோடி என்றால் இதைத் தாண்டிப் போகக் காரணம் வேண்டும். கனத்த பனி நாளென்று ஒன்று வாய்த்தால் அகலப்பலகையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். குல்மார்க்கில் அந்தத் தொழில் இன்று நேற்றையதல்ல. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆளான ஆரிஃப் கானின் தகப்பனாரே அங்கே சறுக்குச் சாமான் கடை வைத்தவர்தான். (ஆரிஃப் பெரிய சரிவுப் போட்டியில் 45-ஆவதாக வந்தார். செய்தித்தாள்கள் இதை ஏதோ தோல்விபோல எழுதின. பாதிப் பேர் முடிக்காமலே போன போட்டி அது.) வாடகைக்கு எடுக்கக்கூடாதது காலணி மட்டும்தான். அது சொந்தமாக, காலுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கட்டு எந்த இழுப்பில் அவிழ வேண்டும் என்பதை உன் எடை, உயரம், வயது, திறமை பார்த்துக் கடைக்காரர் வைக்கட்டும், வீரத்துக்காகக் கூட்டாதே என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

98-ஐ எடுத்துக்கொண்டு போனான். முகத்தில் அவ்வளவு திருப்தியில்லை.

முதல் நான்கு நாளும் ஒரு துளி பனி விழவில்லை. வெயில் அடித்து, இரவில் உறைந்து, காலையில் பளிங்காகக் கிடந்ததாம். ஐந்தாம் நாள் ராத்திரி கொட்டித் தீர்த்தது. ஆறாம் நாள் மதியம் போன் வந்தது. பனிச்சரிவு அபாயத்தால் இரண்டாம் கட்டத்தைத் திறக்கவில்லை, எல்லோரும் கீழ்க்காட்டில்தான் இருந்தார்கள். "இன்னிக்கு மட்டும் அந்தப் பெரிசு இருந்திருக்கணும், சின்னத் தாத்தா. முழங்கால் வரைக்கும் பனி. இது மிதக்குது, ஆனா அது பறந்திருக்கும்" என்றான். குரலில் வருத்தம் நிஜம்தான், மறுக்கவில்லை. வாடகைக்கு எடுக்கலாமே என்றேன். எல்லாம் காலை எட்டு மணிக்கே போய்விட்டதாம். அதை நான் யோசிக்கவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கால் இருக்கு" என்று சிரித்தான்.

டில்லியிலிருந்தே பிரான்சுக்குப் பறந்துவிட்டதால் 112 ஜோடி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான், கொலுப்படிப் பலகைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன மழையில் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் நின்றபோது பரணில் ஏதோ எடுக்க ஏறிய எதிர்வீட்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது தண்ணியில போகுமா?" என்று கேட்டான். போகும்டா, அங்கேயிருந்துதான் வந்தது என்றேன். இறக்கித் தரச் சொல்லி இன்னும் விடுவதாயில்லை.